மாற்றி எழுதுக

கடந்த தவணையில் பத்தாந் தரத்து ஆங்கில விடைத்தாள்களைத் திருத்தும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. நாம் தமிழ் கற்றவர். தமிழ் கற்பிக்கவே நியமனம் பெற்றவர். ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னர் அவ்விடம் நிரப்பப்படாதிருந்தமையால், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தையும் சிறிது கற்ற 'குற்றத்திற்காக' அப்பாடவேளைகள் எமது நேரசூசியில் ஏறின. வன்னியின் பாடசாலைகளை அறிந்தவர்களுக்கு இது புதினமன்று.

அவ்விடைத்தாள்களுள் ஒன்று எம்மைத் திருத்தும் பேனாவைக் கீழே வைக்கச் செய்தது. வாக்கியங்களை மாற்றி எழுதும் வினாவில் அம்மாணவன் பத்துக்குப் பத்தும் பெற்றிருந்தான். 'அஸ் சூன் அஸ்' என்று தொடங்கிய வாக்கியத்தை 'நோ சூனர்' என்று தொடங்குமாறு மாற்றியிருந்தான், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கியிருந்தான், நேர்கூற்றை அயற்கூற்றாக்கி, 'டுடே' என்பதை 'தட் டே' என்று மறவாது திருத்தியிருந்தான். அடுத்த பக்கத்திலே, சுகவீனத்தால் வர இயலவில்லை என்று வகுப்பாசிரியருக்கு நான்கு வரிக் கடிதம் எழுதுமாறு கேட்கப்பட்டிருந்தது. அப்பக்கம் வெறுமையாக இருந்தது. கோடு மட்டும் அழகாக அடித்திருந்தான்.

மந்தமான மாணவனல்லன் அவன். வாய்பாட்டை மனனஞ் செய்வது போல வாக்கிய உருவங்களை மனனஞ் செய்துள்ளான். பிறர் தந்த வாக்கியத்தைப் பிறர் கேட்டவாறு மாற்ற அவனுக்குத் தெரியும். தனக்கென ஒரு வாக்கியம் வேண்டும் என்று எவரும் அவனிடம் இதுவரை கேட்டதில்லை. 'மாற்றி எழுதுக' என்னும் இக்கட்டளை எங்கிருந்து வந்தது? யாருக்காக வந்தது? ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் கரும்பலகையில் எழுதும் இச்சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நீண்ட வரலாறு. சில இடங்களில் நாம் எதிர்பாராத வரலாறுமாகும்.

வாக்கியத்தை மாற்றி எழுதும் பயிற்சியை ஏகாதிபத்தியம் கண்டுபிடிக்கவில்லை என்பதனை முதலிற் சொல்லிவிடுதல் வேண்டும். ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர் எரஸ்மஸ், இலண்டனில் புதிதாகத் தோன்றிய புனித பவுல் பாடசாலை மாணவருக்கென 1512 ஆம் ஆண்டில் சொல்வளம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நண்பரின் கடிதம் கண்டு மகிழ்ந்தேன் என்னும் பொருள் தரும் சின்னஞ்சிறு இலத்தீன் வாக்கியமொன்றை எடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட விதங்களில் அதனை மாற்றி மாற்றி எழுதிக் காட்டுகின்றார். சில மாற்றங்கள் அழகானவை, சில வேடிக்கையானவை, சில அவருக்கே மிகையாகத் தோன்றியிருக்கும். ஒரு பொருளைச் சொல்லப் பல வழிகள் உண்டு, வேண்டியதை வேண்டிய இடத்தில் எடுத்துக்கொள் என்பதே அப்பயிற்சியின் நோக்கம். விடை ஒன்றுதான் என்ற எண்ணம் அங்கு இல்லை.

அவ்வெண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டிற்றான் வலுப்பெற்றது. வாணிபத்தாற் பணம் ஈட்டிய ஒரு வகுப்பு, பிரபுக்களின் வரவேற்பறைகளுக்குள் நுழையத் துடித்த காலம் அது. பணம் வந்துவிட்டது, பேச்சோ காட்டிக்கொடுத்தது. ஆகவே 'சரியான' ஆங்கிலம் எது என்று சொல்ல நூல்கள் தேவைப்பட்டன. 1762 இல் றொபேட் லௌத் என்பார் எழுதிய இலக்கணம் சேக்ஸ்பியரிடத்தும் மில்டனிடத்துமே பிழைகளைத் தேடி அடிக்குறிப்பிற் சுட்டியது. அவர் பின்னர் இலண்டனின் பிஷப்பாகவும் உயர்ந்தார். 1795 இல் லின்ட்லி மரே என்பவர் யோர்க் நகரத்துப் பெண்கள் பாடசாலையொன்றின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஓர் இலக்கணத்தை எழுதினார். ஈராண்டுகளின் பின், பிழையான வாக்கியங்களை அடுக்கித் திருத்துமாறு பணிக்கும் பயிற்சி நூலையும் வெளியிட்டார். அவை அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் பதிப்பின் மேற் பதிப்பாக ஓடின. எரஸ்மஸின் வளப் பயிற்சி இங்கே பிழை பிடிக்கும் பயிற்சியாக மாறிவிட்டதைக் காண்கின்றோம். மாணவன் செல்வத்தைத் தேடுபவனாக அன்றி, குற்றத்திலிருந்து தப்புபவனாக மேசை முன் அமர்கின்றான்.

இவ்விடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். எமது ஆங்கில இலக்கண வகுப்புகளில் அவர் பெயர் ஒலித்ததை நாம் கேட்டதில்லை. வில்லியம் கொபெட் உழவன் மகன். பாடசாலைப் படிப்பு அதிகமில்லை. படையிற் சேர்ந்து சாதாரணச் சிப்பாயாக இருந்த காலத்தில் லௌத்தின் இலக்கணத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கையாற் பிரதி செய்து, மனனஞ் செய்து, காவல் நிற்கும் வேளைகளில் மனத்துள் ஒப்புவித்தவர். பின்னர் பத்திரிகையாளராகி, இங்கிலாந்தின் ஊழல் நிறைந்த பாராளுமன்றத்தைக் கடுமையாகச் சாடினார். 1817 இல் அரசு அடக்குமுறைச் சட்டங்களைக் கொணர்ந்தபோது அமெரிக்காவுக்குத் தப்பியோடினார். அங்கிருந்துதான், 1818 இல், தம் மகனுக்கு எழுதும் கடிதங்கள் என்ற வடிவில் ஓர் ஆங்கில இலக்கணத்தை எழுதினார். அது யாருக்கான நூல் என்பது அதன் முகப்பிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. படைவீரர், கப்பற்றொழிலாளர், தொழில் பழகுநர், ஏர் பிடிக்கும் சிறுவர் ஆகியோருக்கான நூல் அது.

தலைமறைவாகிய ஓர் அரசியல்வாதி ஏன் இலக்கணம் எழுதவேண்டும்? விடை அக்காலத்துப் பாராளுமன்ற நடவடிக்கைகளிலுண்டு. 1793 இல், வாக்குரிமைச் சீர்திருத்தம் வேண்டிச் செபீல்ட் நகரத்து உழைப்பாளர் அனுப்பிய விண்ணப்பத்தைப் பொதுமக்கள் சபை ஏற்க மறுத்தது. அதன் மொழி மரியாதைக் குறைவானது என்பதே காட்டப்பட்ட காரணம். கோரிக்கையை ஆராயவேண்டிய தேவையே எழவில்லை. மொழியைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். இலக்கணம் அறியாதவன் தன் உரிமையைக் கேட்கவும் தகுதியற்றவன் என்ற வாதத்தை உடைக்கும் வழி, இலக்கணத்தை உழைப்பாளன் கையிற் கொடுப்பதே என்று கொபெட் கண்டார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. மரே பிழை வாக்கியங்களைத் தாமே புனைந்தோ பொறுக்கியோ தந்தார் அல்லவா? கொபெட், அரசனின் பாராளுமன்ற உரையிலும் அமைச்சர் காசில்றீ, தளபதி வெலிங்டன் முதலியோர் எழுதியவற்றிலும் இருந்த வழுக்களை எடுத்துத் திருத்திக் காட்டினார். பிற்பதிப்பில் அரசியல்வாதிகள் பிழையாக எழுதாமற் காக்கும் பொருட்டு என்று கூறி ஆறு பாடங்களையே தனியாகச் சேர்த்தார். ஏர்ச் சிறுவன் அரசனின் வாக்கியத்தை மாற்றி எழுதும் காட்சியை எண்ணிப் பாருங்கள்! பயிற்சி அதேதான். யாருடைய வாக்கியம், யார் கையிற் பேனா என்பன மட்டுமே மாறியுள்ளன.

கொபெட்டின் இலக்கணம் இலங்கையின் பாடசாலை மேசைகளுக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது மற்றையது.

எமது கல்வி பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் மெக்காலேயைத் திட்டித் தொடங்கி அவரைத் திட்டியே முடிகின்றன. அவரது இந்தியக் குறிப்பு 1835 ஆம் ஆண்டினது. அதற்கு முன்னரே இலங்கைக்கு வந்த கோல்புறூக் ஆணைக்குழு, 1831, 1832 ஆம் ஆண்டுகளின் அறிக்கைகளில் ஆங்கிலக் கல்வியைப் பரிந்துரைத்துவிட்டது. அதன் கணக்கு எளிமையானது. ஐரோப்பிய உத்தியோகத்தருக்குக் கொடுக்கும் சம்பளம் அதிகம். ஆங்கிலம் அறிந்த உள்ளூரவர் குறைந்த செலவிற் கிடைப்பர். 1834 இற் பாடசாலை ஆணைக்குழு அமைந்தது. ஆங்கிலப் பாடசாலையின் முதல் நோக்கம் எழுதுவினைஞனை உருவாக்குவது. எழுதுவினைஞனின் தொழிலோ பிறர் சொன்னதைப் பிழையின்றி வேறு வடிவில் எழுதுவது. துரை வாயாற் சொன்ன கட்டளையைக் கடிதமாக்கல், கடிதத்தை அறிக்கையாக்கல், அறிக்கையைச் சுருக்கமாக்கல் என்பவற்றை எண்ணிப் பார்த்தால் நேர்கூற்று அயற்கூற்றுப் பயிற்சியின் பயன் நன்கு விளங்கும்.

வட்டுக்கோட்டையின் கதை சற்று வேறுபட்டது. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் அங்கு நிறுவிய செமினரியில் ஆங்கிலத்துடன் தமிழும் கற்பிக்கப்பட்டது. கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பழந்தமிழ் நூற் பதிப்பாளர் அங்கு பயின்று வந்தவரே. இருப்பினும் அது 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர் சமய ஊழியத்தை விட்டு அரசாங்க உத்தியோகம் தேடிப் போகின்றனர் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மிசனரிமாரின் மனக்குறையை நாம் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் உத்தியோகத்திற்கு மட்டுமே வழி திறந்திருந்த நாட்டில் மாணவர் வேறெங்கே போவது?

பயிற்சியை இறுக்கிக் கட்டியது பரீட்சையும் பணமுமேயாகும். 1862 இல் இங்கிலாந்தில் றொபேட் லோ கொணர்ந்த திருத்தச் சட்டக்கோவை, பாடசாலைக்கு வழங்கும் பணத்தைப் பரிசோதகர் முன் மாணவர் காட்டும் பெறுபேற்றுடன் இணைத்தது. இலங்கையில் மோர்கன் குழுவின் 1867 ஆம் ஆண்டு அறிக்கையையும், 1869 இல் அமைந்த பொதுப்போதனைத் திணைக்களத்தையும் அடுத்து அம்முறை இங்கும் புகுந்தது. பரிசோதகர் வருவார், வினவுவார், சித்தியடைந்தோரை எண்ணுவார், பணம் கணிக்கப்படும். எண்ணக்கூடியதே கற்பிக்கத்தக்கது என்பது இதனால் விளைந்த சட்டம். ஒரு பிள்ளை தன் ஊரைப் பற்றி எழுதிய பத்து வரிகளை எண்ணுவது கடினம்; பத்து வாக்கியங்களிற் சரியானவை எத்தனை என்று எண்ணுவது எளிது. பின்னர் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளும் இலண்டன் மற்றிக்குலேசனும் வந்து, கடல் கடந்த நகரத்தில் அமர்ந்தவர்கள் வினாக்களை வகுக்க, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் விடையெழுதினர்.

அக்கடிவாளத்திற்கேற்ற நூலும் வந்தது. வட இந்தியாவிற் கல்வித் திணைக்களத்தில் உயர்பதவி வகித்த நெஸ்பீல்ட் என்பார் 1890களில் எழுதிய இலக்கண வரிசை இந்தியாவிலும் இலங்கையிலும் பரவிற்று. வாக்கிய மாற்றம் அதிலே தனிப் பகுதியாக அமைந்துவிட்டது. 1930களில் றென், மார்ட்டின் என்னும் இருவரது நூல் அதன் இடத்தைப் பிடித்தது. இன்றைக்கும் பட்டினத்துத் தனியார் வகுப்புகளில் அதன் பிரதி மேசைமேற் கிடக்கின்றது. இருவருள் றென், வெளிநாட்டுப் படையணி பற்றிய வீரதீர நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றவர் என்பது மாணவருக்குத் தெரியாது. தெரிந்தால் அவ்விலக்கணம் ஏன் இவ்வளவு அணிவகுப்புத் தன்மையாய் இருக்கின்றதென்று வியப்பார்கள்.

இப்பயிற்சி இலக்கணத்தை மட்டும் கற்பிக்கவில்லை. ஏவல் வாக்கியத்தை அயற்கூற்றாக்கும் விதியை எடுத்துக்கொள்வோம். 'தண்ணீர் கொண்டு வா' என்று எசமானன் வேலைக்காரனிடம் சொன்னால், 'சொன்னான்' என்பதை 'கட்டளையிட்டான்' என்று மாற்றவேண்டும். 'சம்பளம் தாருங்கள்' என்று வேலைக்காரன் எசமானனிடம் சொன்னால் அதே 'சொன்னான்' என்பது 'இரந்தான்' அல்லது 'வேண்டினான்' என்றாகவேண்டும். இரண்டும் ஏவல் வினைகளே. எந்தச் சொல்லைத் தெரிவது என்பதை வாக்கியத்தின் அமைப்பு சொல்லித் தரவில்லை. பேசுவோரின் அந்தஸ்தே சொல்லித் தருகின்றது. பதின்மூன்று வயதுப் பிள்ளை மதிப்பெண்ணுக்காக இதனை எழுதும்போது, யார் கட்டளையிடப் பிறந்தவர், யார் இரக்கப் பிறந்தவர் என்பதையும் சேர்த்தே எழுதுகின்றது. இதனை வகுப்பில் ஒரு நாள் சொன்னோம். 'அப்ப, சங்கம் வைச்சுக் கேட்டால் என்ன சொல்லுப் போடுறது சேர்?' என்றான் பின்வாங்கிலிருந்து ஒருவன். 'டிமான்டட்' என்ற சொல்லை அன்று கற்பித்தோம். பாடத்திட்டத்தில் அது அந்த வாரத்திற்கு இல்லை.

செயப்பாட்டுவினையும் அத்தகையதே. செய்தவனை வாக்கியத்திலிருந்து அகற்றிவிடும் வசதி அதற்குண்டு. ஆட்சியாளர் மொழி அவ்வசதியை விரும்புவதிற் புதுமையில்லை. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்டவியலாத காடும் தரிசும் முடிக்குரியதாகக் கொள்ளப்படும் என்ற வகையிற் பேசியது. கொள்பவர் யார், யாரிடமிருந்து கொள்ளப்பட்டது என்பவை வாக்கியத்திற் காணப்படா. தமிழரும் இதில் முற்றும் தூயவரல்லர். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியம் ஏற்கின்றது. திண்ணை தானே தன்னை மெழுகிக்கொண்டது போல உரையாசிரியர் உதாரணம் காட்டுவர். மெழுகிய பெண்ணின் கை அங்கும் மறைந்துதான் போகின்றது.

சுதந்திரத்தின்போது இந்நாட்டில் ஆங்கிலம் எழுத வாசிக்க அறிந்தோர் பத்து வீதத்திற்கும் குறைவானவர். கட்டணம் வாங்கிய ஆங்கிலப் பாடசாலை, கட்டணமற்ற சுயமொழிப் பாடசாலை என்ற பிரிவே வர்க்கப் பிரிவாகவும் இருந்தது. கன்னங்கரா குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையும் 1945 இன் இலவசக் கல்வியும் அச்சுவரை இடித்தன. தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேலேறி 1960 இற் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தையும் எட்டியது. எம்மைப் போன்ற உழவர் வீட்டுப் பிள்ளைகள் பட்டம் பெற்றதற்கு அதுவே காரணம். அதனை மறந்து பேசுவோருடன் எமக்கு உடன்பாடில்லை. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் இதே காலத்து மொழி உரிமைக் குரலைப் பிறிதொரு பாதையில் திருப்பி என்ன விளைத்தது என்பது தனியே எழுதவேண்டிய விடயம். இங்கு வேண்டுவது ஒன்றே. ஆங்கிலம் போதனாமொழி என்ற இடத்தை விட்டு இறங்கியது. அதிகாரத்தை விட்டு இறங்கவில்லை. சிங்கள மாணவர் அதற்குக் 'கடுவ', அதாவது வாள், என்று பெயரிட்டனர். திரு கந்தையா என்ற ஆங்கில அறிஞர் 1984 இல் அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஆராய்ந்து எழுதினார். வாள் அவர்கள் கையில் இருக்கவில்லை. அவர்களை வெட்டும் கையில் இருந்தது.

இடதுசாரி இயக்கத்தின் மூத்தவர்களில் ஒருவரும் பேராதனையில் ஆங்கிலம் கற்பித்தவருமான டொரிக் டி சூசா, சுயமொழி வழி வந்த மாணவருக்கு ஆங்கிலத்தை எங்ஙனம் கற்பிப்பது என்று சிந்தித்தவர். அத்தகையோரின் சிந்தனை கிராமத்துப் பாடசாலைக்கு வந்து சேருமுன் தேய்ந்துவிட்டது. வந்து சேர்ந்தது, ஆசிரியர் பற்றாக்குறையும் பழைய வாக்கிய மாற்றமுமே. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இருந்தாற் போதும் என்பது அப்பயிற்சியின் வலிமை. ஆங்கிலம் தடுமாறும் ஆசிரியரும் விதியைக் காட்டி விடையைத் திருத்திவிடலாம். நாமும் அவ்வாறே தப்பித்துக்கொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பயிற்சியைத் தூக்கி எறிந்துவிடலாமே என்று இளம் நண்பர்கள் கேட்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் யுத்த காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா எழுதியுள்ளவை இவ்விடத்தில் எம்மைத் தயங்கச் செய்கின்றன. அங்கு அமெரிக்கப் பாடநூலொன்று பயன்பட்டது. மாணவர் அதன் ஓரங்களிற் படம் வரைந்தனர், தமிழிற் குறிப்பெழுதினர், அந்நூல் காட்டிய அந்நிய வாழ்வைக் கேலி செய்தனர். அதே மாணவர்தாம், உரையாடலும் விளையாட்டும் வேண்டாம், இலக்கணத்தைத் தாருங்கள் என்றும் கேட்டனர். பரீட்சை அவர்கள் கண்முன் நின்றது. வறிய வீட்டுப் பிள்ளைக்கு விதி என்பது பிடித்து ஏறக்கூடிய கயிறு. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கே விதியில்லாத வகுப்பு இன்பம் தரும். ஆகவே நாம் பயிற்சியைக் கைவிடவில்லை. கொபெட் செய்ததைச் செய்து பார்த்தோம். வாக்கியத்தை மாற்றினோம்.

சென்ற மாதத்தில் ஒரு நாள், செயப்பாட்டுவினையைச் செய்வினையாக்கும் பாடம். பயிற்சிப் புத்தகத்தின் சாளரமும் பந்தும் உடைந்த கண்ணாடியும் வேண்டாமென்று, வரலாற்றுப் பாடத்திலிருந்து மூன்று வாக்கியங்களை எளிய ஆங்கிலத்திற் பலகையில் எழுதினோம். கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1948 இல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. செய்வினையாக்குக என்றோம்.

வகுப்பு அசையவில்லை. வழக்கமாக 'பை' என்ற சொல்லின் பின்னாலுள்ள பெயரைத் தூக்கி முன்னே வைத்தால் விடை வந்துவிடும். இங்கு 'பை' இல்லை, பெயரும் இல்லை. விதி தெரிந்த எமது பத்துக்குப் பத்து மாணவன் முதல் ஆளாகப் பேனாவை வைத்துவிட்டான். 'எழுவாய் தரவில்லை சேர்' என்றான். கண்டுபிடித்து எழுதுமாறு சொன்னோம். மெல்ல மெல்லப் பேச்சு எழுந்தது. முதலாவதற்கு வெள்ளைக்காரர் என்றார்கள்; பிறகு, காடு வெட்டியவர்கள் வெள்ளைக்காரர்களா என்று ஒருத்தி கேட்க, அது இரண்டு வாக்கியமாயிற்று. இரண்டாவதற்குக் கங்காணி என்று சிலரும் தோட்டத்துரை என்று சிலரும் எழுதினர். மூன்றாவதிலே வகுப்பு பிளந்துவிட்டது. அரசாங்கம் என்றனர், பாராளுமன்றம் என்றனர், அதற்கு ஆதரவாக வாக்களித்த தமிழரும் இருந்தனரா என்று ஒருவன் கேட்டான். இருந்தனர் என்றோம். 'அப்ப அவையளையும் எழுவாயில போடவேணும்' என்றான்.

அவ்வகுப்பிலே, 1977 ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர் இருக்கின்றனர். அவர்களுள் ஒரு மாணவி அதுவரை ஆங்கிலப் பாடத்திற் கை உயர்த்தியதில்லை. அவள் கொப்பியை நீட்டினாள். பலகையிலிருந்த மூன்று வாக்கியங்களையும் அவள் தொடவில்லை. நான்காவதாகத் தானே ஒன்று எழுதியிருந்தாள். தன் அம்மம்மா இறக்கும்வரை ஒரு பழைய பெட்டிக்குள் கடதாசிகளை வைத்திருந்தார் என்பது அதன் பொருள். 'கீப்' என்பதன் இறந்தகாலத்தைக் 'கீப்ட்' என்று எழுதியிருந்தாள். 'பேப்பர்ஸ்' என்பதிற் கடைசி எழுத்தை விட்டிருந்தாள். செய்வினை வாக்கியம், எழுவாய் சரியான இடத்தில் இருந்தது. சிவப்புப் பேனாவைப் பையில் வைத்துவிட்டு, அந்தக் கடதாசிகள் இப்போது எங்கே என்று ஆங்கிலத்திற் கேட்டோம். சற்று யோசித்துவிட்டு அடுத்த வாக்கியத்தை எழுதக் குனிந்தாள். மணி அடித்தது, அவள் எழுந்திருக்கவில்லை.